நாலு வயது அப்பாவின் ஒப்புதல்

கில்லாக் பெரியவர் எங்கள் ஊரில் இரண்டு தடவை பிறந்தவர்.

முதல் தடவை ஆணாகப் பிறந்து எழுபத்தொரு வருஷம் இருந்தார். வால்ரஸை ஈட்டியால் குத்திக் கயிற்றோடு பனிமேல் இழுத்தவர். நிலம் அளக்க வந்த தெற்கத்தி ஆள் ஒருவன் அவருடைய நாயை உதைத்தபோது, கையிலிருந்த உறைந்த மீனால் அவன் முன்பற்கள் மூன்றைப் பெயர்த்தவர். அந்தப் பற்களை வெகுகாலம் ஒரு புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். இரண்டாம் தடவை என் தங்கை சீப்பூலாவின் வயிற்றில் பெண்ணாகப் பிறந்தார். இப்போது அவருக்கு நாலு வயது.

எங்கள் வழக்கத்தில், செத்தவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்துவிட்டால் செத்தவர் திரும்பிவிட்டார் என்று பொருள். அதனால் பெரியவரின் மகனும் தங்கையின் புருஷனுமான என் மச்சான் பாவுலூசி தன் மகளை "அப்பா" என்றுதான் கூப்பிடுவான். தங்கை "மாமா, மூக்கைச் சிந்துங்க" என்பாள். நானும் மாமா என்பேன். யாரும் அவரை அதட்டுவதில்லை. பெரியவரை யார் அடிப்பது? அவர்தான் எங்களை அடிப்பார். கை இன்னும் சிறியது என்பதால் இப்போதைக்குக் கடிக்கிறார்.

வடதுருவத்துப் பனிக்கரையில் இருக்கும் எங்கள் நுவுஜுவாக்கில் நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பாவுலூசி டீசல் நிலையத்தில் இன்ஜின் பார்க்கிறவன். நான் கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன். இந்த இரண்டும் நின்றால் ஊர் நின்றுவிடும். மற்றதெல்லாம் அலுவலகம்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் இரண்டு இன்ஜினும் ஒன்றாகப் படுத்துவிட்டன. எங்கள் வீடுகளில் கணப்பு எண்ணெயில் எரிந்தாலும் அதன் விசிறி கரண்டில்தான் சுற்றும். கரண்ட் போனால் மூன்று மணி நேரத்தில் இந்த ஒட்டுப்பலகை வீடுகள் ஐஸ் பெட்டி ஆகிவிடும். பாவுலூசி இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தான். பெரியவர் நாலு மான்தோலுக்கு அடியில் படுத்திருந்தார். பதினேழாவது மணி நேரத்தில் இன்ஜின் எழுந்தது. பெரியவர் எழவில்லை.

அடுத்த வருஷம் அவர் திரும்பி வந்ததும் பாவுலூசி ஒன்றே ஒன்று சொன்னான். "மச்சான், எங்கப்பா ரெண்டாவது வாட்டி குளிர்ல சாகமாட்டாரு." அதற்கப்புறம் இன்ஜின் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. அவன் நிற்கவிட்டதில்லை. மணிக்கு ஒரு தடவை எண்ணெய், சூடு, அழுத்தம் எல்லாம் பார்த்து ஏட்டில் எழுதுவான். எழுதி எழுதி அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கட்டம் போட்ட தாள் எதைக் கண்டாலும் நிரப்பிவிடுவான்.

வினை அங்கேதான் தொடங்கியது.

வடபுலத் தூய ஆற்றல் மாற்றக் கூட்டாணையம் என்று ஒன்று தெற்கே இருக்கிறது. எங்கள் ஊரை டீசலிலிருந்து விடுவிப்பது அதன் வேலை. காற்றாலை வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. கோடையில் ஒரே கப்பலில் வரும் எண்ணெய் ஒரு வருஷம் கசிந்து, ஓடையில் மீன் வயிற்றைக் காட்டி மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். காற்றாலை போடுங்கள், இன்ஜினும் பக்கத்தில் இருக்கட்டும், ஒன்றுக்கொன்று துணை என்று எழுதினோம். "உங்கள் உணர்வுகள் பதிவு செய்யப்பட்டன" என்று பதில் வந்தது. கூடவே நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் வந்தன. ஊர் மூத்தவர் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் ஆணையம் எதையும் தொடாதாம்.

நானூற்றுப் பதினொரு படிவங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். லாரிக் குழாயில் அடைத்துக்கொண்டன. ஒன்றை மட்டும் பாவுலூசி சாப்பாட்டு மேசையில் விரித்து, பென்சிலைக் கூராக்கினான்.

"வீட்டுல மூத்தவர் யாருன்னு கேட்டிருக்கான், மச்சான்."

"கில்லாக்குன்னு எழுது."

"வேட்டை அனுபவம் எத்தன வருஷம்ங்கறான்."

"அறுபது போடு. பொய்யா?"

"பொய்யில்ல." எழுதினான். "உடல்நிலை?"

சீப்பூலா அடுப்படியிலிருந்து சொன்னாள். "பல்லெல்லாம் நல்லாருக்கு. அப்பப்ப படுக்கைய நனைக்கிறாரு. சொன்ன பேச்சு கேக்கமாட்டாரு. அதையும் எழுது."

எல்லாம் எழுதினான். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆணையம் வயதுக்கு ஒரு கட்டம் வைத்திருந்தால் அதையும் எழுதியிருப்பான். மூத்தவரிடம் வயது கேட்பது மரியாதை இல்லை என்று அவர்கள் பயிற்சி எடுத்திருந்தார்களாம்.

ஒரு வாரத்தில் முதுநிலை ஆலோசனை அலுவலர் விட்லாக் அம்மையார் தொலைபேசியில் வந்தார். மூத்தவரின் குரலைக் கேட்க ஆணையம் தவம் கிடப்பதாகச் சொன்னார். காற்றைப் பற்றி மூத்தவர் என்ன நினைக்கிறார்?

பாவுலூசி கேட்டான். பதில் வாங்கிச் சொன்னான். "காத்து மூக்கக் கடிக்குதுங்கறாரு, மேடம்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "மேலும்?"

"எனக்கு பிஸ்கட் வேணும்ங்கறாரு."

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. பளபளவென்று இருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "காற்றுக்கும் பல் உண்டு. அதன் முன் மனிதன் மூக்கைத் தாழ்த்தக் கற்க வேண்டும் — மூத்தவர் கில்லாக்." பிஸ்கட் விஷயம் எட்டாம் பக்கத்தில், "பயன்கள் சமூகத்துக்கே முதலில் வந்து சேர வேண்டும்" என்று மாறியிருந்தது. பதினேழு இடங்களில் பெரியவர் பேசியிருந்தார்.

அறிக்கையோடு ஊர் வரைபடமும் வந்தது. காற்றாலை எங்கே நிற்கலாம் என்று மூத்தவர் குறித்துத் தர வேண்டும். கீழே கட்டைவிரல் ரேகை. பெரியவருக்கு நாய்கள் என்றால் உயிர். என் நாய்கள் கட்டியிருக்கும் மேட்டில் சிவப்பு மெழுகுக் குச்சியால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு நாலு கால் வைத்து, வாலும் வைத்தார். விரலை நக்கிவிட்டு ரேகை பதித்தார்.

"இது நாய் படம்" என்று ஓரத்தில் பாவுலூசி எழுதத்தான் செய்தான். கோடையில் இயந்திரங்கள் வந்து, அந்த மேட்டில், வால் முடிந்த இடத்தில், காற்றாலையை நட்டுவிட்டுப் போயின.

நவம்பரில் அதன் இறக்கைகளில் பனிக்கட்டி கட்டியது. ஒரு நாள் காலை, காற்று வந்து இறக்கை சுற்றியதும் கதவளவு கட்டி ஒன்று பிய்ந்து பறந்து வந்து என் நாய் இரண்டைக் கொன்றது. ஒன்றுக்கு மண்டை நசுங்கியது. இன்னொன்று சங்கிலியோடு இரண்டு துண்டாகக் கிடந்தது. முன்பாதி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்ச நாய்கள் ரத்தப் பனியை நக்கின.

ஆணையத்துக்குச் சொன்னோம். 'விலங்கு–கட்டமைப்புச் சந்திப்புப் படிவம்' வந்தது. சந்திப்பைத் தவிர்க்க விலங்கு முயன்றதா என்று ஒரு கேள்வி. "சங்கிலியில் கட்டியிருந்தது" என்று பாவுலூசி எழுதினான். திட்டம் பற்றி விலங்கிடம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா என்று அடுத்த கேள்வி.

"இதுக்கு என்னடா எழுத?" என்று என்னைக் கேட்டான்.

"குலைச்சுதுன்னு எழுது" என்றேன்.

பிப்ரவரியில் ஆணையமே விமானத்தில் வந்து இறங்கியது. இயக்குநர் ஹாலோவெல், விட்லாக் அம்மையார், பிராடி என்றொரு தடியன் காவலாள், படம் பிடிக்க இரண்டு பேர். இருபத்து நாலு மணி நேரம் இன்ஜினை அணைத்து, காற்றிலேயே ஊர் வாழ்ந்ததென்று அறிவிப்பதற்கு விழா. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. வெளியே மைனஸ் நாற்பத்தொன்று. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

விழா என்றால் முதலில் சீல் என்கிற கடல்நாயின் கொழுப்பில் விளக்கு ஏற்றுவது எங்கள் வழக்கம். கூடத்தில் நெருப்பு கூடாதென்று ஆணையத்துக்கு விதி. அதனால் பிளாஸ்டிக்கில் ஒரு சீல் விளக்கு செய்து கொண்டுவந்திருந்தார்கள். சுவரில் சொருகினால் சுடர் ஆடும்.

ஹாலோவெல் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "மூத்தவர் எங்கே?"

பாவுலூசி கை காட்டினான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளிக்குக் கொடுக்கவென்று சீப்பூலா கொடுத்த ஒரு முழ நீள உறைந்த மீனை, வாலைப் பிடித்து மடியில் வைத்திருந்தார். வாயைச் சுற்றி ஜாம்.

"இந்தக் குழந்தையை இல்லை. ஒப்புதல் தந்தவரை."

"இவருதாங்க. எங்கப்பா."

விட்லாக் அம்மையாரின் முகம் வெளுத்தது. "பதினேழு மேற்கோள்" என்று முணுமுணுத்தார். "அமைச்சகத்துக்கே அனுப்பியாகிவிட்டது."

ஹாலோவெல் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். பெரிய ஆள் என்று சும்மா சொல்லவில்லை. நேராக ஒலிபெருக்கிக்குப் போனார்.

"அன்பர்களே. இந்த ஆணையம் ஒருபோதும் மூத்தவர்களை வயதால் அளந்ததில்லை. ஆவணத்தால் அளக்கிறது. ஆவணத்தில் இவர் மூத்தவர். உங்களைக் கேட்காமல் நாங்கள் எதையும் செய்வதில்லை. கேட்ட பிறகே செய்கிறோம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கேட்டோம் என்பதில் இருக்க முடியாது, ரேகை இருக்கிறது. முன்பெல்லாம் தெற்கிலிருந்து வந்தவர்கள் உங்களுக்கு எது நல்லது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது நாங்கள் முடிவு செய்ததை நீங்களே சொல்லும்படி செய்கிறோம்."

படம் பிடிக்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

பாவுலூசி மேடை ஓரத்துக்குப் போய்க் கெஞ்சினான். "ஐயா, இன்னிக்கு வேணாங்க. காத்து ஏறுது. மூணு மணி நேரத்துல வீடெல்லாம் விறைச்சிரும்."

"காற்றாலைக்குக் காற்று அதிகம் என்று குறைப்பட்டவர் உலகத்திலேயே நீங்கள்தான்" என்றார் ஹாலோவெல்.

பிராடி நிலையத்துக்குப் போய் இன்ஜினை அணைத்தான். கதவில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு மறுபடி போய்க் காவல் நின்றான். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மூத்தவர் எழுத்து மூலம் ஒப்புதலை விலக்கினால் ஒழிய சங்கிலியைத் தொடக்கூடாது. தொட்டால் வரும் கோடைக்கு எண்ணெய்க் கப்பல் இல்லை.

முதலில் அணைந்தது பிளாஸ்டிக் சீல் விளக்கு.

அரைமணி நேரம் ஆணையம் பொறுமை காக்கச் சொன்னது. பிறகு விட்லாக் அம்மையார் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தடவிப் பார்த்து விளக்கினார். காற்று அளவுக்கு மேல் போனதால் காற்றாலை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பயப்பட வேண்டாம், பேட்டரி நிறைந்திருக்கிறது.

"அப்ப கரண்ட் எங்க?" என்று கேட்டேன்.

"பேட்டரி இருபது டிகிரியில் இருந்தால்தான் வேலை செய்யும். எனவே தன்னைச் சூடாக வைத்துக்கொள்வதற்கு அது முன்னுரிமை பெற்றிருக்கிறது. அது நலமாக இருக்கிறது."

"நாங்க அதுக்குள்ள போய் உக்காந்துக்கலாமா?"

"பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி."

இரண்டாவது மணி நேரத்தில் காற்றாலையை நிறுத்தி வைத்திருந்த பிரேக்கின் பிடி விட்டது. மேட்டிலிருந்து ஒரு ஊளை கேட்டது. நாய்கள் என்று நினைத்தோம். அடுத்த நொடி கூடத்தின் வடக்குச் சுவர் உள்ளே வெடித்தது. ஒரு இறக்கை, மீன்பிடி படகு நீளத்துக்கு, சுவரையும் கூடைப்பந்து வளையத்தையும் கிழித்துக்கொண்டு வந்து தரையில் குத்தி நின்று ஆடியது. அஞ்சலகத்துப் பெண்ணின் முழங்கை எலும்பு தோலுக்கு வெளியே வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஓட்டை வழியே பனி உள்ளே பொழிந்தது.

விட்லாக் அம்மையார் தாளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு எழுதினார். 'கட்டமைப்பு–கட்டடச் சந்திப்பு.'

பாவுலூசி தன் மகளைப் பார்த்தான். தங்கை அவரைத் தன் மேல்சட்டைக்குள் செருகியிருந்தாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மீனை மட்டும் விடவில்லை. நானும் அந்த நீலத்தை ஐந்து வருஷத்துக்கு முன் பார்த்தவன்தான்.

அவன் எழுந்து நடந்தான்.  நான் பின்னாலேயே ஓடினேன். பனிக்காற்றில் நிலையத்தின் கதவு தெரியவில்லை, பிராடிதான் தெரிந்தான்.

"உள்ள விடுறா."

"அனுமதி இல்லை."

 பாவுலூசி இடுப்பிலிருந்த பெரிய ஸ்பேனரை உருவி அவன் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. ஆனால் தடியன் தடியன்தான். மற்ற கையிலிருந்த தடியால் பாவுலூசியின் மூக்கில் அடித்தான், விழுந்தவனின் விலாவில் மிதித்தான், மறுபடி மிதித்தான். ரத்தம் விழுந்த இடத்திலேயே கல்லானது. நான் பிராடியின் காதைப் பிடித்து அவன் மண்டையைக் கதவில் மோதினேன். இரண்டாவது மோதலில் அவன் சரிந்தான். பாவுலூசி ஊர்ந்து போய் ஸ்பேனரைச் சங்கிலிக்குள் கொடுத்து நெம்பினான்.

அவன் கையைப் பிடித்தவன் நான்தான். கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. நானூறு பேர், அடுத்த குளிர்காலம்.

"உடைக்காத மச்சான். கப்பல் வராது."

"உன் வீட்டுல யாருடா செத்தா?" என்றான். வாயெல்லாம் ரத்தம்.

"எழுதி வாங்குவோம். வா. அவர் சொன்னா போதும்ல."

பிராடியைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினோம். வெளியே விட்டால் செத்துவிடுவான். அதற்கும் ஒரு படிவம் வரும்.

கூடத்தில் பாவுலூசி ஹாலோவெல் முன்னால் போய் நின்றான். "அப்பாவக் கேளுங்க. இன்ஜின் வேணுமா வேணாமான்னு கேளுங்க."

விதிப்படி மூத்தவரிடம் மூன்று தடவை கேட்க வேண்டுமாம். விட்லாக் அம்மையார் பற்கள் தந்தியடிக்கக் கேட்டார்.

"குளிருது" என்றார் பெரியவர்.

"காற்றின் குளுமையை மூத்தவர் உணர்ந்து மகிழ்கிறார்" என்று ஹாலோவெல் சொல்ல, அம்மையார் எழுதினார்.

"குளிருது."

"தன் கருத்தை வலியுறுத்துகிறார்."

"குளிருது" என்றார் மூன்றாம் தடவை. குரல் தேய்ந்துவிட்டது.

"ஒருமனதாக" என்றார் ஹாலோவெல். படம் பிடிப்பவர்களிடம் மின்னல் விளக்கைப் போடச் சொன்னார். மூத்தவருக்குச் சமமாக இருக்க வேண்டுமென்று மண்டியிட்டு, முகத்தை நீட்டி, பரிசு மீனின் தலையைப் பிடித்து இழுத்தார். "இதை எனக்கென்றுதானே வைத்திருக்கிறீர்கள்?"

பெரியவர் ஒரு தடவை அவரைப் பார்த்தார். மீனை வெடுக்கென்று பிடுங்கினார். தங்கையின் மடியில் எழுந்து நின்று, வாலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி வீசினார். கோடரியால் விறகில் போட்ட மாதிரி சத்தம். இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். தரையில் மூன்று பற்கள் உருண்டன. முன்பற்கள்.

கூடத்தில் எல்லாரும் பற்களை எண்ணினார்கள். பிறகு யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "அவரேதான்."

பாவுலூசி விட்லாக் அம்மையாரிடம் திரும்பினான். "பெரியவர் பதில் சொல்லிட்டாரு, மேடம். எழுதுங்க."

அம்மையார் தாளைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், உறைந்த தன் விரல்களைப் பார்த்தார். பேனா மை கட்டிவிட்டது. பாவுலூசி தன் பென்சிலைக் கொடுத்தான். அவர் எழுதினார்: "மூத்தவர், சொல்லால் அல்லாத மரபு வழியில், ஒப்புதலை விலக்கிக்கொண்டார்."

ஹாலோவெல் கைகளை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். வாயிலிருந்து நுரையும் ரத்தமும்தான் வந்தன. சொல் எதுவும் வரவில்லை.

"ஐயா என்ன சொல்றாரு, மேடம்?" என்று பாவுலூசி கேட்டான். "நல்லா கேட்டு எழுதுங்க. நீங்கதான் எங்கப்பா பேச்சையெல்லாம் எழுதுனவங்க."

அம்மையார் காதை நீட்டி அக்கறையாகக் கேட்டார். எழுதினார்: "இயக்குநர் மனமார உடன்படுகிறார்."

சாவியை இயக்குநரின் பையிலிருந்து நான் எடுத்தேன், இருவரும் நிலையத்துக்கு ஓடினோம். இன்ஜின் விறைத்துக் கிடந்தது. அதைச் சுழற்றும் ரப்பர் பட்டை கல்லாகிச் சுழல மறுத்தது. பாவுலூசி கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பட்டையை இழுத்தான். நான் பொத்தானை அழுத்தினேன். நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவனுடைய இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டது. தேட நேரமில்லை. ஊரில் விளக்கு எரிந்ததை ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் கையைத் துணியில் சுற்றினான். அப்புறம் ஏட்டை எடுத்து மணியை எழுதினான். அணைந்தது முதல் எரிந்தது வரை மூன்று மணி நாற்பது நிமிஷம்.

அன்று ஊர் முழுக்க இன்ஜின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. ஆணையமும் எங்களோடு ஒட்டி உட்கார்ந்து சூப் குடித்தது. ஹாலோவெலுக்கு மட்டும் வடிகட்டிக் கொடுத்தார்கள். பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்க்க வியர்க்கத் தூங்கினார். பாவுலூசி பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று விரல் கையை அவர் நெஞ்சில் வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

கோடையில் அறிக்கை வந்தது. டீசலே இல்லாமல் மூன்று மணி நாற்பது நிமிஷம் வாழ்ந்த முதல் வடபுல ஊர் எங்களுடையதாம். ஹாலோவெலுக்கு விருது கொடுத்திருந்தார்கள். படத்தில் வாயை மூடிச் சிரித்தார். எண்ணெய்க் கப்பலும் வந்தது. அதே கப்பலில் புது இறக்கையும் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் வந்தன.

பாவுலூசி ஒன்றை மேசையில் விரித்தான். இப்போது பென்சிலை இடது கையில் பிடிக்கிறான். முதல் கேள்வி: மூத்தவரின் உடல்நிலை எப்படி இருக்கிறது?

"சூடாக இருக்கிறார்" என்று எழுதினான்.

அடுத்தது: இரண்டாம் கட்டத் தொடக்க விழாவுக்கு இயக்குநர் மீண்டும் நேரில் வர விரும்புகிறார். மூத்தவர் ஆயத்தமாக இருப்பாரா?

பாவுலூசி பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே அவன் அப்பா மீன் காயும் கம்பத்தடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு மீனாக எடுத்து, கையில் தூக்கிப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

எழுதினான்: "ஆயத்தம். இந்த வருஷம் மீன் பெரியது."